பேஸ்மென்றில் கிடக்கும் தவில்

1980களில் மொன்றியலுக்கு வந்து சேர்ந்த ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

உங்கள் வீட்டு பேஸ்மென்றில் பழைய சூட்கேசுக்குள்ளோ சப்பாத்துப் பெட்டிக்குள்ளோ கிடக்கும் கசெற்றுகளைப் பற்றியது இந்த மடல். சினிமாப் பாட்டுக் கசெற்றுகளை விட்டுவிடுங்கள், அவை எங்கும் கிடைக்கும். கோயில் வீதியில் மேளக்காரருக்குப் பக்கத்தில் றெக்கோடரைப் பிடித்துக்கொண்டு நின்று யாரோ பதிந்தவை, “பூங்காவனம்” என்று மட்டும் நீல மையில் எழுதியவை, ஒன்றுமே எழுதாதவை, இவற்றைத்தான் கேட்கிறேன். ஏன் கேட்கிறேன் என்பதற்கு, இதே நகரத்தில் பிறந்த ஒருவருடைய கதையைச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் பெயர் கொலின் மக்ஃபீ. 1900 மார்ச் 15இல் மொன்றியலில் பிறந்தவர். பியானோ வாசிப்பிலும் இசையமைப்பிலும் பால்ற்றிமோரிலும் ரொறன்ரோவிலும் பாரிசிலும் பயிற்சி பெற்று, 1926இல் நியூயோர்க்குக்குப் போய் ஏரன் கோப்லண்ட் போன்ற இளம் இசையமைப்பாளர்களோடு சேர்ந்தார். வாத்தியக் குழுவுக்கு எழுதினார், பியானோவுக்கு எழுதினார், ரால்ஃப் ஸ்ரைனர் எடுத்த மௌனக் குறும்படங்களுக்கும் இசை எழுதினார். அப்படியே போயிருந்தால் இசை அகராதியில் நாலு வரியோடு முடிந்திருக்கும் வாழ்க்கை. அதைத் திருப்பிப் போட்டவை சில இசைத்தட்டுகள்.

1928இல் ஓடியோன், பேக்கா என்ற ஜெர்மன் கம்பனிகள் பாலித் தீவுக்குப் போய் அங்குள்ள கமெலான் குழுக்களைப் பதிவு செய்தன. கமெலான் என்பது வெண்கலக் கட்டைகளும் கொங் மணிகளும் மத்தளங்களும் சேர்ந்த பெரும் வாத்தியக் கூட்டம். பாலியில் அதைப் பெரும்பாலும் ஊர் மக்கள் கூடிச் சொந்தமாக வைத்திருப்பார்கள், கோயில் திருவிழாவுக்கு அடிப்பார்கள். பாலியிலிருந்து திரும்பிய நண்பர்கள் கொண்டுவந்த அந்தத் தட்டுகளை மக்ஃபீ நியூயோர்க்கில் கேட்டார். 1931இல் மனைவி ஜேன் பெலோவோடு பாலிக்குக் கப்பலேறினார். சில மாதங்கள் இருந்து பார்ப்பதாகத்தான் நினைப்பு. இடையிடையே வெளியே போய் வந்தாலும், 1938 கடைசிவரை அவருடைய மனம் அங்கேயே இருந்தது. சயான் என்ற ஊரில், ஆயுங் ஆற்றுப் பள்ளத்தாக்கின் விளிம்பில் வீடு கட்டினார்.

மக்ஃபீயைப் புனிதராக்க எனக்கு விருப்பமில்லை. டச்சுக்காரர் ஆண்ட தீவில் வெள்ளைத்தோலோடும் டொலரோடும் போய் இறங்கிய ஒருவருக்குத் திறக்கும் கதவுகள் எல்லாம் அவருக்கும் திறந்தன. வீடு மனைவியின் பணத்தில் எழுந்தது. பாலி வாழ்க்கையைப் பற்றிப் பின்னாளில் அவர் எழுதி 1940களில் வெளிவந்த நூலோ மிக அழகான நூல், ஆனால் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை தேடினாலும் அந்த மனைவி அதில் இல்லை. ஜேன் பெலோ தன்னளவிலேயே பேர்பெற்ற மானிடவியலாளர். நூலைப் படித்து முடித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது.

ஆனால் காது என்ற ஒன்று அவரிடம் இருந்தது. அவருக்குக் கார் ஓட்டிய மடே லெபா, பெலியாத்தான் ஊரின் தேர்ந்த வாத்தியக்காரர். முதலாளி யார், குரு யார் என்பது அந்தக் காருக்குள் அடிக்கடி மாறியிருக்க வேண்டும். மக்ஃபீ ஒவ்வொரு வாத்தியக்காரரையும் தன் பகுதியைத் தனியாக வாசிக்கச் சொல்லி, கேட்டு, எழுதினார். ஒருவர் அடிக்கும் தட்டுகளுக்கு இடையிலுள்ள இடைவெளியை இன்னொருவர் நிரப்பி, இருவரும் சேர்ந்தால்தான் ஒரு மெட்டு முழுதாகும் இசை அது.

அந்தக் காலத்தில் பாலி முழுக்க ஒரு புதுமோகம் பரவியிருந்தது. கெப்யார் என்ற பாணி. திடீர்த் திருப்பங்களும் மின்னல் வேகமுமாக, கேட்டவர்களைக் கட்டிப்போடும் வாசிப்பு. ஊருக்கு ஊர் கெப்யார் வாத்தியம் வேண்டுமென்று ஆசைப்பட்டார்கள். வெண்கலத்துக்கு எங்கே போவது? அரண்மனைக் காலத்துப் பழைய கமெலான்களை உருக்கி, புதிய கட்டைகளாக வார்த்தார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. உயிரோடிருக்கும் இசை அப்படித்தான் நடந்துகொள்ளும். எங்கள் பக்கத்திலும் உச்சச் சுருதியில் ஒலித்த குட்டையான திமிரி நாயனம் ஒதுங்கி, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கையில் பேரெடுத்த நீளமான பாரி நாயனம் இடத்தைப் பிடித்தது. அதற்காக யாரும் அழவில்லை. ஆனால் உருகிப்போன வாத்தியத்தோடு அதற்கென்றே இருந்த உருப்படிகளும் போய்விடும். மக்ஃபீ செய்தது இதுதான்: மூலையில் கிடந்த பழைய வாத்தியங்களைத் தேடிச் சேர்த்தார். அந்தப் பழைய உருப்படிகள் தெரிந்த முதியவர்களைத் தேடிப் பிடித்து, சயான் ஊர் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். சிறுவர்களுக்கென்றே தனியாக ஒரு குழுவும் அமைந்தது. அந்தச் சிறுவர்களின் கதையைப் பின்னர் குழந்தைகள் புத்தகமாகவும் எழுதினார்.

இனி அந்த இசைத்தட்டுகளுக்கு வருகிறேன், எனக்கு வேண்டியது அதுதான்.

அவற்றைக் கம்பனிகள் பாலிக்காரருக்கு விற்கத்தான் போட்டன. விற்கவில்லை. கிராமபோன் வாங்க யாரிடம் காசு? அதோடு, அடுத்த தெருவிலேயே உயிரோடு வாசிப்பதைக் கேட்கக்கூடியவன் எதற்குத் தட்டில் கேட்க வேண்டும்? தேங்கிக் கிடந்த தட்டுகளை விற்பனை முகவர் ஒருநாள் ஆத்திரத்தில் அடித்து உடைத்துவிட்டார். அதற்கு முன்பே மக்ஃபீ தனக்கென வாங்கி வைத்திருந்தவை தப்பின. உடைத்தவருக்கு அவை போகாத சரக்கு. வாங்கி வைத்தவருக்கும், எண்பது வருடம் கழித்து அவற்றுக்கு என்ன பெறுமதி வரும் என்று தெரிந்திருக்காது.

எண்பது வருடம் கழித்து நடந்தது இது. எட்வர்ட் ஹெர்ப்ஸ்ற் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர், மக்ஃபீயின் சேகரிப்பிலும் பல நாட்டு ஆவணக் காப்பகங்களிலும் சிதறிக் கிடந்த அந்தப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் தேடினார். நூற்றுக்கு மேற்பட்ட பதிவுகள் சேர்ந்தன. சுத்தம் செய்து, 2009 முதல் ஐந்து தொகுதிகளாக வெளியிட்டு, பாலிக்கே திருப்பிக் கொண்டுபோனார்கள். மக்ஃபீ 1930களில் எடுத்த படச்சுருள்களும் கூடவே போயின. பாட்டனாரின் வாசிப்பைப் பேரப்பிள்ளைகள் முதன்முதலாகக் கேட்டார்கள். ஹெர்ப்ஸ்ற் தட்டைக் கொடுத்ததோடு நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். ஊர் ஊராகப் போய்த் தொண்ணூறு வயதை எட்டியவர்களையும் தேடிப் பிடித்துக் கேட்கவைத்து, இது எந்த ஊர்க் குழு, பாடுவது யார், இந்த உருப்படி எந்தச் சடங்குக்குரியது என்று விசாரித்து எழுதினார். அந்த முதியவர்கள் இல்லாவிட்டால் அது வெறும் சத்தம்.

இப்போது உங்களிடம் வருகிறேன்.

யாழ்ப்பாணத்தில் பலாலி வீதியிலும் பருத்தித்துறை வீதியிலும் எழுபதுகளில் றெக்கோடர்கள் வந்த காலத்தை நீங்கள்தான் அறிவீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்த மாமாவோ சித்தப்பாவோ கொண்டுவந்த பெட்டி. அதைத் தூக்கிக்கொண்டு இணுவிலிலும் அளவெட்டியிலும் மாவிட்டபுரத்திலும் நல்லூரிலும் விடியவிடிய மேளச்சமாவுக்கு முன்னால் போய் உட்கார்ந்தீர்கள். 1975இல் மறைந்த தவில்மேதை தெட்சணாமூர்த்தியின் கையை நேரில் கேட்டவர்கள் இந்த நகரத்தில் இன்னும் இருக்கிறீர்கள். என்.கே. பத்மநாதனின் நாதஸ்வரத்துக்குப் பின்னால் வீதியைச் சுற்றி நடந்தவர்கள் இருக்கிறீர்கள். ஓடியோன்காரரின் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். கமெலான் உருப்படிகளை அதற்குள் அடங்கும்படி வெட்டிச் சுருக்கினார்கள். எங்கள் நாதஸ்வர வித்துவான்களின் பழைய கிராமபோன் தட்டுகளிலும் அதே கதைதான், ராகம் எடுத்து விரிக்குமுன் தட்டு முடிந்துவிடும். உங்கள் கசெற்றிலோ ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். தோடியை ஒருவர் ஆற அமர வாசித்ததும், தவில்காரர் இருவர் மாறி மாறி நடத்திய தனியும், நடுவில் சனம் “ஆஹா” என்று கத்தியதும் எல்லாம் முழுதாக இருக்கும். எந்தக் கம்பனியும் வெளியிடாத நீளம் அது. கோயில் வீதியில் நின்று பதிந்த ஒருவர் அதை விற்க நினைக்கவில்லை, அதனால் வெட்டவும் இல்லை.

“அது சரியான இரைச்சலாக இருக்கும், தம்பி” என்று நீங்கள் சொல்வீர்கள். ஆம், இருக்கும். அந்த றெக்கோடர்கள் சத்தத்தின் அளவைத் தாமாகவே கூட்டிக் குறைக்கும் வகை. தவிலில் ஓங்கி ஒரு அடி விழுந்தால் பெட்டி பயந்து எல்லாவற்றையும் அடக்கிவிடும். நாதஸ்வரம் ஒரு கணம் பின்னுக்குப் போய்த் திரும்பி வரும். ஐஸ்பழ வான் மணியும் கேட்கும், பக்கத்தில் நின்றவரின் இருமலும் கேட்கும். பாலித் தட்டுகளிலும் கரகரப்பு உண்டு. வாசிப்பு கேட்கிறது, அதுவே போதும்.

இன்னொரு தயக்கமும் எனக்குத் தெரியும், அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒரு பக்கத்தில் திருவிழா, மறுபக்கத்தில் ஊரிலிருந்து அம்மா பேசி அனுப்பிய கடிதம். தொலைபேசி இல்லாத வீட்டிலிருந்து, எழுதத் தெரியாத கையிலிருந்து, கசெற்றில் வந்த கடிதங்கள். அதை அந்நியர் கேட்க யாருக்கு மனம் வரும்? வரவேண்டியதும் இல்லை. எந்தப் பக்கத்தை எடுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதை நீங்களே முடிவெடுங்கள். அம்மாவின் குரலை உங்கள் பிள்ளைகளுக்காக மட்டும் தனியாக ஒரு பிரதி எடுத்து வைக்கலாம். ஆளைக் காட்டிக்கொடுக்கும் பேச்சு, அந்தக் காலத்து அரசியல் பேச்சு இருந்தாலும் அப்படித்தான், வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். கலைஞர்களின் குடும்பங்கள் ஊரிலும் ஜெர்மனியிலும் இலண்டனிலும் இருக்கின்றன. பொதுவில் போடுமுன் அவர்களைக் கேட்க வேண்டும். அவர்களுக்கே அந்தப் பதிவுகளின் முதல் பிரதி போக வேண்டும்.

எதற்கு இப்போது அவசரம் என்றால், இரண்டு காரணம். முதலாவது தண்ணீர். 2024 ஆகஸ்ட் 9 உங்களுக்கு ஞாபகமிருக்கும். டெபி புயலின் எச்சம் வந்து மொன்றியலில் ஒரே நாளில் 150 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியது. பேஸ்மென்றுகளிலிருந்து நனைந்த கார்ப்பெற்றும் சோபாவும் தெருவோரம் வந்து குவிந்தன. அந்தக் குவியல்களுக்குள் என்னென்ன போனதென்று யாரும் கணக்கெடுக்கவில்லை. தண்ணீர் வராவிட்டாலும் ஈரம் இருக்கிறது. ஈரத்தில் ரேப்பில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும். யாழ்ப்பாணத்தில் எரிந்துபோன நூலகத்தைப் பற்றி ஒவ்வொரு ஜூன் மாதமும் பேசுகிறோம். இங்கே நனைந்து போவதைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லை.

இரண்டாவது காரணம் நீங்கள்தான், மன்னிக்க வேண்டும். ரேப்பை இன்னும் பத்து வருடம் கழித்தும் ஒருவேளை காப்பாற்றலாம். ஆனால் பெயரில்லாத கசெற் ஒன்றைப் போட்டு, இரண்டு ஆவர்த்தனம் கேட்டதும் “இது கைதடிக்காரர் இல்லை, இணுவில் கை” என்று சொல்லும் காது உங்களோடு போய்விடும். இங்கே பிறந்த பிள்ளைகளில் மிருதங்கம் படித்தவர்கள் நிறையப் பேர். ஜதி தெரியும், கணக்கும் சரியாக வரும். யாழ்ப்பாணத்துத் தவில் எதனால் தஞ்சாவூர்த் தவிலிலிருந்து வேறாக ஒலிக்கிறது என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள். சொல்லிக்கொடுக்க ஒரு பதிவும், அதைப் பற்றிப் பேச ஒரு பெரியவரும் சேர்ந்து அவர்களுக்குக் கிடைத்ததில்லை.

மொன்றியலில் இதைச் செய்ய முடியுமா என்றால், இந்த நகரத்துக்குப் பழக்கம் உண்டு. 1986இல் வன்கூவர் எக்ஸ்போ கண்காட்சிக்கு இந்தோனேசிய அரசு கொண்டுவந்த பாலி வாத்தியங்கள், மறுவருடம் மொன்றியல் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்தன. ஸ்பெயினிலிருந்து வந்து இங்கே குடியேறிய இசையமைப்பாளர் ஹோசே எவான்ஜெலிஸ்தா அவற்றுக்கொரு பயிற்சிப் பட்டறை தொடங்கினார். அதிலிருந்து 1995இல் கிரி கெடாடன் என்ற குழு பிறந்தது. அதே 1986 ஆகஸ்டில்தான் நியூஃபவுண்ட்லாந்துக் கரையோரம் உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் மொன்றியலுக்கு வந்தார்கள். பாலியின் வெண்கலத்துக்கு இங்கே பல்கலைக்கழகத்தில் ஓர் அறை கிடைத்தது. எங்கள் தவிலுக்குக் கோயில் மண்டபமும் கலியாண மண்டபமும் மட்டும்தான் கிடைத்தன. பல்கலைக்கழகத்தைக் குறைசொல்ல எதுவுமில்லை. நாங்கள் போய்க் கேட்டதில்லை.

மக்ஃபீக்குப் பின்னால் என்ன நடந்தது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: பாலியில் கேட்டதை வைத்து 1936இல் இரண்டு பியானோவும் பெரும் வாத்தியக் குழுவுமாகத் ‘தபூ-தபூகான்’ என்ற படைப்பை எழுதினார். அதே வருடம் மெக்சிக்கோ நகரில் கார்லோஸ் சாவெஸ் அதை அரங்கேற்றினார். அதன் நடுப்பகுதி, இரவை நினைத்து எழுதியது, எனக்கு மிகவும் பிடிக்கும். கடைசிப் பகுதி கொஞ்சம் சத்தம் கூட. பிறகு நீண்டகாலம் அதை வாசிக்க ஆளில்லை. நியூயோர்க்கில் காசில்லாமலும் மனச்சோர்விலும் பல வருடங்கள் போயின. ஆங்கிலேய இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனோடு சேர்ந்து 1941இல் பாலிச் சடங்கு இசையை இரண்டு பியானோவில் பதிந்தார். பிரிட்டன் 1956இல் தானே பாலிக்குப் போய்க் கேட்டு வந்து, மறுவருடம் அரங்கேறிய தன் பலே நாட்டியத்தில் அந்த ஒலியைக் கொண்டுவந்தார். மக்ஃபீ ஐம்பதுகளில் ஐக்கிய நாடுகள் சபையின் ஆவணப் படங்களுக்கு இசை எழுதினார். 1960இல் லொஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் வேலை கிடைத்தது. 1964 ஜனவரியில் அங்கேயே இறந்தார். வாழ்நாள் முழுக்க எழுதிச் சேர்த்த பாலி இசை நூல் 1966இல் வந்தது, அவர் பார்க்கவில்லை. இசையமைப்பாளராக அவரைக் கேட்பவர்கள் இன்றும் குறைவு. அவருடைய குறிப்புகளையும் தட்டுகளையும் தேடிப் போகிறவர்கள் பாலிக்காரர்கள். அவர் அதை விரும்பியிருப்பாரா தெரியாது, என் கணக்கில் அது சின்ன விசயமில்லை.

சரி, என்ன செய்யலாம்.

முதலில், இன்றிரவே பழைய றெக்கோடரில் போட்டுக் கேட்டுப் பார்க்க வேண்டாம். முப்பது நாற்பது வருடம் சுற்றாமல் கிடந்த ரேப் ஒருமுறைதான் நன்றாக ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒருமுறை பிரதி எடுக்கும் முறையாக இருக்க வேண்டும். கசெற்றின் மேல் விளிம்பில் இரண்டு சின்னத் தகடுகள் இருக்கும். உடையாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள், பிறகு யாரும் தவறுதலாக மேலே பதிய முடியாது. வெள்ளைத் தூள் மாதிரி ஏதும் தெரிந்தால் திறக்காமல் தனியாகப் பையில் போட்டு வையுங்கள், மற்றவைக்குத் தொற்றும். 120 நிமிடக் கசெற் என்றால் இரட்டிப்புக் கவனம் வேண்டும், அதன் ரேப் மெல்லியது, இழுத்தால் அறும். எல்லாவற்றையும் பேஸ்மென்றிலிருந்து மேல் மாடி அலுமாரிக்குக் கொண்டுபோங்கள். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வேண்டாம், அதிலுள்ள காந்தம் பொல்லாதது.

பிரதி எடுப்பதை இளையவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நல்ல டெக் ஒன்று, அதன் தலையைத் துடைக்கவும் கோணம் திருத்தவும் தெரிந்த ஒருவர், 45 நிமிடத்தை 45 நிமிடமாகவே உட்கார்ந்து பதியும் பொறுமை, இவ்வளவுதான். இரைச்சல் நீக்கும் மென்பொருளை மூலப் பிரதியில் தொடக்கூடாது. அது இரைச்சலோடு தவிலின் வலந்தலை ஓசையின் கூர்மையையும் சேர்த்துத் துடைத்துவிடும். எம்.பி.3 பிறகு செய்யலாம், முதல் பிரதி சுருக்காத கோப்பாக இருக்கட்டும். வைக்க இடமும் இருக்கிறது. நூலகம் நிறுவனம் 2005 முதல் ஈழத்து எழுத்துகளை இணையத்தில் சேர்த்து வருகிறது, ஒலி ஒளிப் பதிவுகளுக்கென்று அவர்களிடம் ‘ஆவணகம்’ இருக்கிறது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாக நூலகமும் தமிழ் ஆவணங்களில் அக்கறை காட்டுகிறது.

உங்களிடம் நான் கேட்பது இதற்கு முந்திய வேலை, அதை வேறு யாராலும் செய்ய முடியாது. ஒவ்வொரு கசெற்றோடும் ஒரு தாள் வையுங்கள். எந்தக் கோயில், எத்தனையாம் திருவிழா, ஏறத்தாழ எந்த வருடம், நாதஸ்வரம் யார், தவில் யார் யார், ஒத்து ஊதியது யார் என்றுகூட, தெரிந்தவரை எழுதுங்கள். தெரியாததற்குக் கேள்விக்குறி போடுங்கள், ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள். பதிந்தவர் பெயரை மறக்க வேண்டாம். கண் சரியில்லாதவர்கள் பேரப்பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், எழுதுவது அவன், சொல்வது நீங்கள். பெயர்களை அவன் பிழையாக எழுதினால் திட்டாமல் திருத்துங்கள். யார் வாசித்தது என்பதில் கணவனும் மனைவியும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டு பெயரையும் எழுதுங்கள், ஆவணத்துக்கு அந்தச் சண்டையும் பிரயோசனம்தான்.

பிறகு மாதத்தில் ஒரு ஞாயிறு, கோயில் மண்டபத்திலோ கோத் தெ நேஜ் பக்கம் ஒரு நூலக அறையிலோ கூடுவோம். பிரதி எடுத்த ஒரு கசெற்றைப் போடுவோம். மேடையில்லை, பொன்னாடையில்லை, தலைமையுரையில்லை. மிருதங்கம் படிக்கும் பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கட்டும். நீங்கள் நடுவில் நிறுத்தச் சொல்லுங்கள், “அந்த இடத்தைத் திரும்பப் போடு” என்று சொல்லுங்கள், அங்கே என்ன நடந்ததென்று சொல்லுங்கள். அதையும் பதிவோம். முதல் ஞாயிறுக்குக் கசெற் இல்லாதவர்களும் வரலாம். பெயர் தெரியாத பதிவுகள் ஏற்கெனவே இரண்டு பெட்டி சேர்ந்துவிட்டன, அவற்றை வாசித்தவர் யாரென்று சொல்ல ஆள் வேண்டும்.

அன்புடன்,
மொன்றியலிலிருந்து ஒரு தவில் ரசிகன்